கானகக் கதைகளைக் கேட்ட வெரியர் எல்வின்

இவ்வுலகம் எவ்வாறு தோன்றியது? முதல் மனிதன் யார்? மண்ணும் நீரும் நெருப்பும் யாரால் வந்தன? இவ்வினாக்களை எழுப்பாத மக்களினம் உலகில் இல்லை. நூல் எழுதிய மக்கள் தம் விடையை நூலில் எழுதினர். எழுத்தறியாத மக்கள் தம் விடையைக் கதையாக்கிப் பிள்ளைகளின் செவியில் வைத்தனர். இரண்டும் மனித அறிவின் விளைவே.

படைப்புக் கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது. ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் தோளில் பிறந்தான், ஒருவன் தொடையில் பிறந்தான், ஒருவன் பாதத்தில் பிறந்தான் என்று ஒரு கதை சொல்லப்பட்டது. அக்கதையில் நம் முன்னோர்க்குப் பாதத்திலும் இடமில்லை. அவர்கள் கணக்கிற்கே வராதவர்களாக வைக்கப்பட்டனர். அந்த ஒரு கதை ஊரை இரண்டாகப் பிரித்தது; கிணற்றையும் பள்ளியையும் சுடுகாட்டையும் பிரித்தது. ஆகவே தோற்றக் கதையை யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பது வாழ்வும் மானமும் சார்ந்த வினாவாகும்.

இந்திய நாட்டுப் பழங்குடி மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட படைப்புக் கதைகளைத் திரட்டி, உலகம் படிக்குமாறு நூல்களாக்கியவர்களுள் முதன்மையானவர் வெரியர் எல்வின். ஆங்கிலேயராகப் பிறந்து இந்தியராக மறைந்த அப்பெரியாரின் வாழ்க்கை நம் இளைஞர் அறிய வேண்டியதாகும். அவர் பெருமையோடு அவர் குறையையும் நாம் அறிதல் வேண்டும். இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

இளமையும் கல்வியும்

எல்வின் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இங்கிலாந்தின் டோவர் நகரில் பிறந்தார். தந்தையார் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் ஆங்கிலத் திருச்சபையின் பேராயராகப் பணியாற்றியவர். எல்வின் சிறுவராயிருந்தபோதே, 1909இல், தந்தையார் மறைந்தார். ஆழ்ந்த சமயப் பற்றுடைய தாயாரின் வளர்ப்பில் அவர் வளர்ந்தார்.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் இறையியலும் பயின்று, இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். திருச்சபைக் குருவானார். இறையியல் கல்லூரி ஒன்றின் துணை முதல்வர் பதவி இளம் வயதிலேயே அவரைத் தேடி வந்தது. அங்கேயே இருந்திருந்தால் உயர்ந்த பதவிகளும் வசதியான இல்லமும் கிட்டியிருக்கும். தம் நாடு இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் தாம் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1927ஆம் ஆண்டின் இறுதியில், பூனாவில் இயங்கிய கிறிஸ்த சேவா சங்கம் என்னும் ஆசிரமத்தில் சேர இந்தியா வந்தார்.

காந்தியாரின் தொடர்பு

1928இன் தொடக்கத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார். அச்சந்திப்பு அவர் வாழ்வின் திசையை மாற்றியது. கதர் உடுத்தினார். 1930இல் எழுந்த சட்டமறுப்பு இயக்கத்தை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார், எழுதினார். ஆளும் இனத்தில் பிறந்த ஒருவர் ஆளப்படுவோர் பக்கம் நின்றதை ஆங்கில அரசு பொறுக்கவில்லை. காவல் துறையினர் அவரைக் கண்காணிக்கலாயினர். 1932 ஜனவரி 4ஆம் நாள் விடியுமுன் பம்பாயில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது எல்வின் அவ்விடத்தில் உடனிருந்தார்.

ஒதுக்கப்பட்ட மக்களிடையே சென்று வாழ வேண்டும் என்ற விருப்பம் அவரிடம் நெடுநாளாக இருந்தது. யாரும் ஏறெடுத்துப் பாராத கோண்டு மக்களிடம் செல்லலாமே என்று சம்னாலால் பஜாஜ் வழிகாட்டினார். சாம்ராவ் ஹிவாலே என்னும் மராட்டிய இளைஞர் உடன் வர இசைந்தார். எல்வினின் பெயர் உலகெங்கும் பரவியது. சாம்ராவின் பெயர் அத்துணைப் பரவவில்லை. எனினும் அவர் இல்லாமல் எல்வின் பணி நடந்திராது. மக்களிடம் எளிதில் பழகி, நோயாளியைத் தொட்டுப் பணி செய்து, அன்றாட நிருவாகத்தைத் தோளில் தாங்கியவர் சாம்ராவே.

மலையில் ஒரு குடில்

1932 ஜனவரி இறுதியில் இருவரும் மத்திய மாகாணத்து மாண்ட்லா மாவட்டத்தின் மைகல் மலைத்தொடரில் உள்ள கரஞ்சியா என்னும் சிற்றூரை அடைந்தனர். மண்சுவர் எழுப்பிக் குடில் அமைத்தனர். கோண்டு சேவா மண்டல் என்னும் தொண்டு நிறுவனம் உருவாயிற்று. பள்ளிகள் திறந்தனர், மருந்து கொடுத்தனர், தொழுநோயாளர்க்கு இல்லம் அமைத்தனர்.

கோண்டு மக்களை மதம் மாற்ற எல்வின் முயலவில்லை. அவர்கட்கு அவர்களுடைய தெய்வங்கள் உள்ளன என்றும், தாம் செய்ய வந்தது பணியே என்றும் அவர் கருதினார். இதனாலும் அரசியல் கருத்தினாலும் நாகபுரிப் பேராயரோடு அவருக்குப் பிணக்கு உண்டாயிற்று. 1935இல் அவர் திருச்சபைப் பொறுப்பைத் துறந்தார். பேராயரின் மகனாகப் பிறந்தவர்க்கு அது எளிய முடிவன்று. தாயார் எவ்வளவு வருந்தியிருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கற்பிக்கச் சென்றவர் அங்கே கற்கத் தொடங்கினார். மாலையில் தீ மூட்டி மக்கள் சூழ்ந்திருக்கும்போது கதைகள் பிறந்தன. பைகா முதியவர் ஒரு கதை சொல்வார். அகரியாக் கொல்லர் மற்றொன்று சொல்வார். பர்தான் பாணர் நரம்புக் கருவியை மீட்டி ஒரு நெடுங்கதை பாடுவார். காட்டுமிராண்டிகள் என்று நூல்களில் எழுதப்பட்டவர்களிடம் இத்துணைக் கற்பனையும் நுண்ணறிவும் உள்ளனவா என்று எல்வின் வியந்தார். அவ்வியப்பே அவரை எழுத்தாளராகவும் மானிடவியல் அறிஞராகவும் ஆக்கியது. அத்துறையில் அவர் பட்டம் பெற்றவரல்லர். மக்களோடு வாழ்ந்ததே அவருடைய பயிற்சி.

பைகா மக்களின் படைப்புக் கதை

எல்வின் திரட்டிய கதைகளுள் பைகா மக்களின் தோற்றக் கதை புகழ் வாய்ந்தது. அதன் சுருக்கத்தை இங்கே கூறுதல் பொருந்தும்.

தொடக்கத்தில் எங்கும் தண்ணீர் மட்டுமே இருந்தது. கல் இல்லை, மரம் இல்லை, காற்றின் ஓசையும் இல்லை. அந்நீரில் மிதந்த தாமரை இலையின்மேல் பகவான் தனியே அமர்ந்திருந்தார். தனிமை தாளாமல் தம் உடம்பின் அழுக்கைத் தேய்த்துத் திரட்டி ஒரு காகத்தைப் படைத்தார். எங்கேனும் மண் உண்டா என்று தேடி வருமாறு ஏவினார். காகம் பறந்தது, பறந்துகொண்டே இருந்தது. இறங்கி இளைப்பாற இடமில்லை. களைத்து விழும் நேரத்தில் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரிய நண்டு ஒன்றின் கொடுக்கின்மேல் வீழ்ந்தது. நண்டு காகத்தின் துயரைக் கேட்டு, அதனை அழைத்துக்கொண்டு நீரின் அடிக்குச் சென்றது. அங்கே மண் முழுவதையும் விழுங்கிவிட்டு ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது ஒரு மண்புழு. நண்டு அதன் கழுத்தை நெரித்தது. புழு சிறிது சிறிதாக மண்ணைக் கக்கியது. காகம் அம்மண்ணைச் சுமந்து வந்து பகவானிடம் தந்தது. அவர் அதை நீரின்மேல் பரப்பினார். உலகம் உண்டாயிற்று.

ஆனால் அது நிலையாக நில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. நங்கா பைகாவும் நங்கா பைகினும் தோன்றினர். அவர்களே முதல் மாந்தர். நங்கா பைகா உலகின் மூலைகளில் ஆணி அறைந்து ஆட்டத்தை நிறுத்தினான். அவனுக்கு அரசுரிமையைத் தரப் பகவான் முன்வந்தபோது, அதைத் தன் உடன்பிறந்தானாகிய கோண்டுக்குத் தருமாறு கூறிவிட்டான். பிறர்க்கு ஏர் வழங்கப்பட்டது. பைகாவுக்குக் கோடரி வழங்கப்பட்டது. மண் தாயின் மார்பை ஏரால் கிழித்தல் ஆகாது என்பது அவனுக்கு இட்ட கட்டளை.

இக்கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உலகம் தோன்றக் காகமும் நண்டும் மண்புழுவும் உதவுகின்றன. நாம் இழிந்தவை என்று கருதும் உயிர்கள் இல்லையேல் கடவுளும் செயலற்றுப் போகிறார். அழுக்கிலிருந்தே முதல் உயிர் பிறக்கிறது. அழுக்கைத் தொட்டவன் தீட்டானவன் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஒரு வேளை உணவுக்கு அல்லலுறும் பைகா, உலகின் மூத்த மகன் தானே என்று நிமிர்ந்து நிற்கிறான். அரசு தனக்குக் கிட்டாமற் போயிற்று என்று அவன் சொல்லவில்லை. தானே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான்.

இக்கதைக்கு வேறொரு பயனும் இருந்தது. பைகாக்கள் காட்டைத் திருத்தி எரித்துச் சாம்பலில் விதைப்பவர்கள். நம் பக்கத்து மலைகளில் கொத்துக்காடு என்று வழங்குவதை ஒத்த முறை அது. ஆங்கில அரசின் வனத்துறை அம்முறையைத் தடை செய்தது. 1890இல் பைகா சக் என்று ஒரு சிறு பகுதியை மட்டும் அதற்கென ஒதுக்கியது. ஏர் பிடிக்குமாறு வற்புறுத்தப்பட்டபோது பைகா மக்கள் இக்கதையையே தம் வழக்காக முன்வைத்தனர். பட்டா இல்லாத மக்களுக்குக் கதையே பட்டாவாக இருந்தது. எல்வின் 1939இல் பைகா மக்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது இதனை உலகறியச் செய்தார்.

இரும்பு உருக்கியோர் கதை

1942இல் வெளிவந்த அகரியா என்னும் நூல், இரும்பு உருக்கும் ஒரு சிறு குலத்தாரைப் பற்றியது. அகரியாக்கள் தம் முன்னோரின் நகரம் லோகரிபுரம் என்றும், அங்கே யாவும் இரும்பால் ஆனவை என்றும் கூறுவர். கதிரவனோடு நேர்ந்த பகையால் அந்நகரம் அழிந்ததாம். இன்று தம் குலம் வறுமையுற்றிருப்பதற்குக் காரணம் அப்பகையே என்பது அவர்கள் நம்பிக்கை.

எல்வின் இக்கதையைப் பதிவு செய்ததோடு நில்லாமல், வரலாற்றையும் கூறினார். உலைகளின்மேல் அரசு விதித்த வரியும், ஆலை இரும்பின் மலிவும் அகரியாக்களின் தொழிலை நசித்தன. கதை கதிரவனைச் சொன்னது. கணக்கேடு வரியைச் சொன்னது. இரண்டையும் அருகருகே வைத்தது எல்வினின் நேர்மை. நம் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் 4000 ஆண்டுகட்கு முற்பட்ட இரும்பு கிடைத்துள்ளதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அந்த உலையை ஊதியவர் யார், துருத்தி மிதித்தவர் யார் என்று கேட்கும்போதுதான் அப்பெருமை முழுமை பெறும்.

கடைசித் தம்பியின் இசைக்கருவி

எல்வினும் சாம்ராவும் பிற்பாடு வாழ்ந்த ஊர் பாட்டன்கட். அவ்வூரில் பர்தான் என்னும் பாணர் குலத்தார் மிகுதி. கோண்டு குடும்பங்களின் குலவரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாணா என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் பாடுவது அவர் மரபு. அண்ணன் தம்பியர் எழுவர் இருந்தனர் என்றும், கடைசித் தம்பி கருவி செய்து இசைத்தபோதே பராதேவ் என்னும் பெருந்தெய்வம் மகிழ்ந்தது என்றும், அத்தம்பியின் வழியினரே பர்தான்கள் என்றும் அவர்கள் கதை கூறும். இம்மக்களைப் பற்றிச் சாம்ராவ் 1946இல் தனி நூலே எழுதினார்.

கதை பர்தானைத் தம்பி என்று சொல்கிறது. ஆயினும் பர்தான் கையால் கோண்டு உணவு கொள்ளாத வழக்கமும் இருந்தது. தெய்வத்தை அழைக்க அவன் இசை வேண்டும். உண்ணும்போது அவன் எட்டி நிற்க வேண்டும். பறை முழங்காமல் திருவிழா தொடங்காத, பறை அடித்தவனுக்குத் தெருவில் இடம் தராத ஊர்களை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. தோற்றக் கதையில் உடன்பிறப்பாய் இருந்தவர் நடப்பில் தாழ்த்தப்பட்டது எவ்வாறு என்னும் ஆராய்ச்சியை நம் படித்த இளைஞர்கள் மேற்கொள்ள வேண்டும்.

நூல்களும் ஓவியங்களும்

1944இல் மகாகோசலத்து நாட்டுப்புறக் கதைகள், 1949இல் நடு இந்தியாவின் தொன்மக் கதைகள், 1954இல் ஒரிசாப் பழங்குடியினரின் தொன்மக் கதைகள், 1958இல் வடகிழக்கு எல்லைப்புறத் தொன்மக் கதைகள் எனத் தொகுதிகள் அடுத்தடுத்து வெளிவந்தன. விண், மண், நெருப்பு, நோய், இறப்பு, ஆடை, புகையிலை என ஒவ்வொன்றும் எவ்வாறு தோன்றிற்று என்று வகைப்படுத்தி அக்கதைகளை அவர் அமைத்தார். கதையின் தலைப்பில் அது எக்குலத்தாரிடம், எவ்வூரில் கேட்கப்பட்டது என்று குறிப்பது அவர் வழக்கம். அதற்கு முன் பல ஆசிரியர்கள் பழங்குடியினர் கதை என்று பொதுவாக எழுதிச் சென்றனர்; ஊர்ப்பெயர் எழுதுவதால் கதைக்கு உரிமையுடையோர் யாவர் என்பது நிலைபெறுகிறது.

சொல்லோடு உருவத்தையும் அவர் காத்தார். சவரா மக்கள் தம் வீட்டுச் சுவரில் அரிசிமாவால் வரையும் தெய்வ ஓவியங்கள், மரமுகமூடிகள், சீப்புகள், கதவுச் சிற்பங்கள் ஆகியவற்றைத் தொகுத்து 1951இல் நடு இந்தியப் பழங்குடிக் கலை என்னும் நூலாக்கினார். புகைப்படக் கலைஞர் சுனில் ஜானா அவரோடு காடுகளில் நடந்து அம்மக்களைப் படமெடுத்தார்.

ஆராய்ச்சி நூல்கள் அறிஞர்க்கே பயன்படும். பொதுமக்களும் பிள்ளைகளும் படிக்க எளிய நூல் வேண்டும் என்பதையும் எல்வின் உணர்ந்தார். உலகம் இளமையாய் இருந்தபோது என்று பொருள்படும் தலைப்பில், மலையிலும் காட்டிலும் வழங்கும் கதைகளைப் படங்களுடன் சிறு நூலாக எழுதினார். ஆமினா ஜயால் ஓவியம் தீட்டிய அந்நூலை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. நகரத்துப் பிள்ளை ஒன்று காட்டுப் பிள்ளையின் கதையைப் படித்து மகிழ்ந்தால், வளர்ந்தபின் அந்தக் காட்டு மனிதனை இழிவாக எண்ண அதற்கு மனம் வாராது. அரசாணைகள் செய்ய இயலாத ஒன்றை நல்ல கதைநூல் செய்யும்.

அருணாசலத்து மலைகளில்

விடுதலைக்குப்பின் எல்வின் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1954இல் வடகிழக்கு எல்லைப்புற முகமையின் பழங்குடி நலன் ஆலோசகராக நேரு அரசு அவரை அமர்த்தியது. அப்பகுதியே இன்றைய அருணாசலப் பிரதேசம். ஷில்லாங்கில் தங்கி, மலைகளில் கால்நடையாகவே நெடும்பயணம் செய்தார். மலைமக்கள் தம் இயல்புக்கேற்பத் தாமே வளர வேண்டும், வெளியார் எதையும் அவர்கள்மேல் திணிக்கலாகாது, நிலத்திலும் காட்டிலும் அவர்கள் உரிமை காக்கப்பட வேண்டும் என்பன நேரு வகுத்த கொள்கைகள். அவை உருவாக எல்வினின் எழுத்தும் அறிவுரையும் துணை நின்றன. 1961இல் பத்மபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

குறைகளும் கண்டனங்களும்

பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது குறையை மறைத்தல் நம் மரபாகிவிட்டது. அது படிப்போரை ஏமாற்றுவதாகும்.

பழங்குடியினரை வெளியார் தீண்டாதவாறு தனிப்பகுதியில் காக்க வேண்டும் என்று எல்வின் 1939இல் எழுதினார். மனிதரைக் காட்சிசாலைப் பொருளாக்கப் பார்க்கிறார் என்று தக்கர் பாபா போன்ற தொண்டர்களும், கூர்யே போன்ற அறிஞர்களும் அவரைக் கண்டித்தனர். கண்டனத்தில் உண்மை இருந்ததை எல்வினே பின்னர் உணர்ந்து தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தனிமையும் தீர்வன்று, பெரும்பான்மையில் கரைந்து மறைவதும் தீர்வன்று என்ற இடைவழிக்கு வந்தார்.

1940இல் கோசி என்னும் கோண்டுப் பெண்ணை மணந்தார். கோசி அவரினும் மிக இளையவர். அவர் நடத்திய பள்ளியில் படித்தவர். 1949இல் அம்மணம் முறிந்தது. எல்வின் புகழின் உச்சிக்குச் சென்றார். கோசி வறுமையில் முதுமை எய்தினார். தம் தன்வரலாற்றிலும் எல்வின் அவரைப் பற்றி மிகக் குறைவாகவே கூறினார். ஆயிரம் கதைகளைக் கேட்ட செவி இந்த ஒரு பெண்ணின் கதையைக் கேளாமற் போயிற்று. பின்னர்ப் பர்தான் குலத்து லீலாவை மணந்து இறுதிவரை வாழ்ந்தார்.

மற்றொரு குறையும் உண்டு. அவர் நூல்களில் ஊர்ப்பெயர் உண்டு, குலப்பெயர் உண்டு. கதை சொன்ன கிழவியின் பெயரோ கிழவனின் பெயரோ பெரும்பாலும் இல்லை. அட்டையில் எல்வின் பெயர் மட்டுமே நின்றது.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்கலாம். டேவிட் உனைப்பன் என்பவர் 1872இல் பிறந்த அந்நாட்டுத் தொல்குடி அறிஞர். தம் மக்களின் படைப்புக் கதைகளைத் தாமே திரட்டி ஆங்கிலத்தில் எழுதினார். பதிப்பகத்தார் அக்கைப்பிரதியை ராம்சே ஸ்மித் என்னும் வெள்ளையரிடம் தந்தனர். 1930இல் அது ஸ்மித்தின் பெயரில் நூலாக வெளிவந்தது. எழுதியவரின் பெயர் எங்கும் இல்லை. உனைப்பன் 1967இல் மறைந்தார். 1995 முதல் ஆஸ்திரேலியாவின் 50 டாலர் தாளில் அவர் உருவம் உள்ளது. எனினும் அவர் நூல் அவர் பெயரிலேயே வெளிவர 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்வின் பிறர் எழுத்தைக் கவர்ந்தவரல்லர். ஆயினும் சொன்னவர் பெயர் மறைந்தது என்பதில் இரண்டும் ஒன்றே.

மறைவும் அதன் பின்னும்

1964 பிப்ரவரி 22ஆம் நாள் எல்வின் டெல்லியில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. கிறித்தவக் குருவாக வாழ்வைத் தொடங்கிய அவர் மனம் இறுதிக் காலத்தில் பௌத்த அறத்தின்பால் சாய்ந்திருந்தது. அவ்வாண்டு வெளியான அவருடைய தன்வரலாற்றுக்கு 1965இல் சாகித்திய அக்காதெமி விருது வழங்கப்பட்டது.

அவர் கதை கேட்ட ஊர்களின் கதை அத்துடன் முடியவில்லை. பாட்டன்கட் ஊரில் பிறந்த ஜன்கர் சிங் ஷியாம் என்னும் பர்தான் இளைஞரின் சுவரோவியங்கள் 1981இல் ஓவியர் சுவாமிநாதன் குழுவினரின் கண்ணில் பட்டன. போபால் பாரத் பவனுக்கு வந்த அவர், முன்னோர் பாணாவில் பாடிய தெய்வங்களைத் தாளிலும் துணியிலும் வரைந்தார். 2001இல் ஜப்பானில் அவர் அகால மரணமடைந்தார். அவர் காட்டிய வழியில் அவ்வூர் மக்கள் பலர் ஓவியராயினர். அவ்வூரினரான பஜ்ஜு ஷியாம் கோண்டு மக்களின் படைப்புக் கதைகளை வரைந்த நூலை 2014இல் நம் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்டது. அவர் 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் பர்தான் ஓவியத் தம்பதியர் 2011இல் வெளிவந்த பீமாயணா என்னும் நூலில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைத் தம் மரபு ஓவியத்தில் தீட்டினர். தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமனின் வரலாற்றை, தம் கையால் உணவு கொள்ளப்படாத குலத்தின் பிள்ளைகள் வரைந்தனர். அட்டையில் ஓவியர்களின் பெயர்களும் உள்ளன. எல்வின் தொடங்கிய பணி இங்கேதான் நிறைவு பெறுகிறது.

நம் கடமை

வடகிழக்கு மலைமக்கள் பலரிடையே ஒரு கதை வழங்குகிறது. தெய்வம் எல்லா மக்களுக்கும் எழுத்தைக் கொடுத்தது. சமவெளியார் அதைக் கல்லிலும் ஏட்டிலும் வாங்கிக்கொண்டனர். மலைமக்கள் தோலில் எழுதி வாங்கினர். வரும் வழியில் பசி தாங்காமல் அத்தோலைச் சுட்டுத் தின்றுவிட்டனர். அன்று முதல் அவர்களிடம் எழுத்து இல்லை. வயிற்றுக்குள் போன எழுத்தே நினைவாகவும் கதையாகவும் நிற்கிறது.

நம் முன்னோர்க்கு எழுத்து இல்லாமற் போனதற்குப் பசி ஒரு காரணம். கொடுக்க மறுத்தவர்கள் மற்றொரு காரணம். அந்த எழுத்தை மீட்டுத் தருவதற்கே நம் கல்விச் சங்கம் பிறந்தது. எழுத்து கைக்கு வந்தபின் அதைக்கொண்டு என்ன எழுதப் போகிறோம் என்பதே இவ்வெள்ளி விழா நாளில் நாம் எண்ண வேண்டியது. விண்ணப்பம் எழுதலாம், தேர்வு எழுதலாம், அவை வேண்டும். அவற்றோடு நம் பாட்டிமார் சொல்லும் கதைகளையும் எழுத வேண்டும்.

காரிமங்கலத்தைச் சூழ்ந்த ஊர்களில் அம்மன் கதைகள் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் உண்டு. பறையின் அடிவகைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் என்று கதை சொல்கின்றனர். இவற்றைச் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஒரு கிழவி மறையும்போது ஒரு நூலகம் பூட்டப்படுகிறது. அதன் திறவுகோல் பிறகு கிட்டாது.

இளைஞர்களே! விடுமுறை நாளில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு முதியவரின் அருகில் அமருங்கள். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். வரையத் தெரிந்தவர் படம் வரையுங்கள். நம் தருமபுரி மாவட்டத்தின் நடுகற்களில், ஆநிரை காத்து மாண்ட வீரனின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. பெயர் எழுதப்பட்டதாலேயே அவன் இன்றும் வாழ்கிறான். ஆகவே கதையின் தலைப்பில் எல்வின் எழுதியதுபோல் ஊரின் பெயரை எழுதுங்கள். அவர் எழுதாமல் விட்டதையும் எழுதுங்கள். சொன்னவர் பெயர், அவர் தாய் தந்தையர் பெயர், அவர் செய்த தொழில், சொன்ன நாள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும்.

கடல் கடந்து வந்த ஒருவர் முப்பதாண்டுக்கு மேல் காட்டிலும் மலையிலும் அலைந்து பிறர் கதைகளைக் காத்தார். நம் கதைகளைக் காக்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணைவரை நடந்தால் போதும்.